சஸ்டெயினிலிருந்து தொடங்குங்கள்: சிந்தசைசரில் என்வலப் பழகும் முறை

சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) பழக ஆரம்பிப்பவர்கள் முதலில் தேடுவது நல்ல பிரீசெட், அதாவது முன்பே அமைத்துத் தந்த ஒலி. அதற்கு அடுத்து நல்ல வேவ்ஃபார்ம், அதாவது அலை வடிவம். இரண்டும் வேண்டும்தான். ஆனால் ஓர் ஒலி மீட்டியதா, ஊதியதா, அடித்ததா, வில்லால் இழுத்ததா என்று நம் காது தீர்மானிப்பது பெரும்பாலும் வேறொன்றை வைத்து: அந்த ஒலி எப்படிக் கிளம்புகிறது, எப்படி நிற்கிறது, எப்படி அடங்குகிறது.

இதை முதலில் துல்லியமாகக் காட்டியவர்களில் ஒருவர் பியர் ஷேஃபர். பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய அவர் 1948-ல் பாரிஸில் மணியோசையைப் பதிவு செய்து பார்த்தார். நாக்கு மணியில் மோதும் அந்தக் கணத்தை விட்டுவிட்டு, அதன்பின் வரும் ரீங்காரத்தை மட்டும் பதிவில் வைத்தார். கேட்டால் மணியே இல்லை. ஓபோ போல ஓர் ஊதுகருவியின் சாயல். அதே உலோகம், அதே அதிர்வு. தொடக்கம் மட்டும் போனது, கருவியே மாறிவிட்டது. உங்களிடம் வீணைப் பதிவு ஏதாவது இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம்: ஒரு மீட்டின் முதல் நூறு மில்லி விநாடியை வெட்டிவிட்டு, மிச்சத்தை மெல்ல ஏறும்படி ஃபேட் செய்து கேளுங்கள்.

அந்தத் தொடக்கத்தையும் நடுவையும் முடிவையும் நம் கையில் தருவதுதான் என்வலப். ஏறத்தாழ எல்லா சிந்தசைசரிலும் இருக்கிறது. இதை ஒருமுறை காதால் புரிந்துகொண்டால், ஒரே ஒரு சாதாரண அலையை வைத்துக்கொண்டே பத்துப் பதினைந்து வேறு வேறு ஒலிகளைச் செய்துவிடலாம். பிரீசெட் பட்டியலில் மணிக்கணக்காக அலைவதைவிட இது நல்ல வழி என்பது என் திடமான கருத்து.

தயார் செய்துகொள்ள வேண்டியவை

இங்கே வைட்டல் என்ற மென்பொருள் சிந்தசைசரை வைத்துச் சொல்கிறேன். மேட் டைட்டல் என்ற நிரலாளர் உருவாக்கியது. 2020 நவம்பரில் வெளிவந்தது. அடிப்படைப் பதிப்பு இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இலவசம் என்பது மட்டும் காரணமில்லை. இதில் என்வலப்பின் வடிவம் திரையில் கோடாகத் தெரியும். நோட் ஒலிக்கும்போது அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி ஓடிக்கொண்டே போகும். காதில் கேட்பதும் கண்ணில் தெரிவதும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்க்கும்போது விஷயம் சட்டென்று பிடிபடுகிறது. வேறு சிந்தசைசர் வைத்திருந்தாலும் பரவாயில்லை. குமிழ்களின் பெயர்கள் பெரும்பாலும் இவையேதான்.

கணினியோடு இணையும் மிடி கீபோர்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் கணினியின் எழுத்துப் பலகையிலேயே வாசிக்கலாம். ஹெட்போன் அவசியம், லேப்டாப் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி ஒலிகள் கேட்காது, கிக் டிரம் (டிரம் செட்டில் காலால் அடிக்கும் பெரிய டிரம்) பயிற்சி வீணாகிவிடும்.

வைட்டலைத் திறந்து, மெனுவில் பிரீசெட்டை இனிஷியலைஸ் செய்யுங்கள், அதாவது எல்லா அமைப்பையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒலி அலையை உருவாக்கும் ஆசிலேட்டர் ஒன்றே ஒன்று ஓடும். அதில் சாடூத் (ரம்பப் பல் வடிவ) அலை இருக்கட்டும். எல்லா மேல்தொனிகளும் (அடித்தொனியோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த தொனிகள்) அடங்கிய அலை என்பதால் மாற்றங்கள் தெளிவாகக் கேட்கும். எஃபெக்ட் எதுவும் வேண்டாம், முக்கியமாக அறையின் எதிரொலி போன்ற ரிவெர்ப் வேண்டவே வேண்டாம். ரிவெர்ப் இருந்தால் ஒலி எங்கே முடிகிறது என்பதே காதுக்குத் தெரியாது.

நான்கு குமிழ்கள்

நீங்கள் ஒவ்வொரு முறை கீயை அழுத்தும்போதும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வால்யூம் குமிழை ஒரே மாதிரி ஏற்றி இறக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கும் கட்டளைகள்தான் அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ்.

அட்டாக் என்பது, கீயை அழுத்தியதிலிருந்து ஒலி உச்சத்தைத் தொட ஆகும் நேரம். டிகே, அந்த உச்சத்திலிருந்து கீழே இறங்க ஆகும் நேரம். சஸ்டெயின், இறங்கி வந்து நிற்கும் இடம். விரல் கீயில் இருக்கும்வரை ஒலி அங்கேயே நிற்கும். ரிலீஸ், விரலை எடுத்த பிறகு ஒலி முழுதாக அடங்க ஆகும் நேரம்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது சஸ்டெயினில்தான். மற்ற மூன்றும் நேரத்தைக் குறிப்பவை, மில்லி விநாடியில் அல்லது விநாடியில் அளப்பவை. சஸ்டெயின் மட்டும் உயரம், அதாவது சத்தத்தின் அளவு. அதைக் கூட்டினால் ஒலி அதிக நேரம் நீடிக்காது; நிற்கும் மட்டம்தான் உயரும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை உங்கள் விரல்தான் முடிவு செய்கிறது. இதிலிருந்தே இன்னொன்றும் புரியும்: சஸ்டெயின் முழு உயரத்தில் இருந்தால் டிகே குமிழை எவ்வளவு திருப்பினாலும் எந்த மாற்றமும் கேட்காது. இறங்குவதற்கு இடமே இல்லையே. "டிகே வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது சஸ்டெயினைத்தான்.

இந்த நான்கு பகுதிப் பிரிவு எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய கதை. 1964 கோடையில் அமெரிக்காவின் ட்ரூமன்ஸ்பர்க்கில் பொறியாளர் ராபர்ட் மூக்கும் இசையமைப்பாளர் ஹெர்ப் டாய்ச்சும் சேர்ந்து மூக் சிந்தசைசரின் முதல் மாதிரிக் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒலி கிளம்புவதையும் அடங்குவதையும் கட்டுப்படுத்த ஒரு வழி வேண்டும் என்று டாய்ச் கேட்டார். மூக் அவரைக் கடைக்கு அனுப்பி, வீட்டு அழைப்பு மணிக்கான பொத்தான் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் ஏறி இறங்கும்படி ஒரு சுற்றை அமைத்தார். அடுத்த ஆண்டு, கொலம்பியா–பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தின் தலைவராக இருந்த விளாடிமிர் உசாச்செவ்ஸ்கி, நான்கு பகுதிகள் கொண்ட என்வலப் வேண்டுமென்று விவரமாக எழுதி மூக்கிடம் கேட்டார். அவர் வைத்த பெயர்கள் கணக்குக் குறியீடு மாதிரி இருந்தன. பின்னால் ஏஆர்பி என்ற சிந்தசைசர் நிறுவனம் அவற்றை இன்று நாம் சொல்லும் நான்கு பெயர்களாக எளிமையாக்கியது.

முதல் பயிற்சி: வெறும் கதவு

வைட்டலில் என்வலப் 1 எப்போதும் ஒலியின் சத்தத்தோடு இணைந்தே இருக்கும். நீங்கள் எதையும் இணைக்க வேண்டாம். அட்டாக் பூஜ்யம், சஸ்டெயின் முழுசு, ரிலீஸ் பூஜ்யம் என்று வையுங்கள். ஒரு கீயை அழுத்துங்கள், விடுங்கள்.

அழுத்தினால் ஒலி, விட்டால் மௌனம்; திறந்து மூடும் கதவு மாதிரி. மின் ஆர்கன்கள் அடிப்படையில் இப்படித்தான் ஒலிக்கும். என்வலப் இல்லாத ஒலி எப்படி இருக்கும் என்று காதில் பதிய இதுதான் சரியான தொடக்கம்.

இப்போது ஹெட்போனில் கூர்ந்து கேளுங்கள். விரலை எடுக்கும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், குறிப்பாகக் கீழ்ஸ்தாயி நோட்டுகளில். சில கருவிகளில் அழுத்தும் இடத்திலும் வரும். அலை மேலே போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் சட்டென்று அறுபட்டால், அந்தத் திடீர் தாவலே ஒரு சத்தமாகிவிடுகிறது. ரிலீஸை மெல்லக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஐந்திலிருந்து பத்து மில்லி விநாடிக்குள் அந்த டிக் பெரும்பாலும் மறைந்துவிடும். அட்டாக்கில் இரண்டு மூன்று மில்லி விநாடி போதும். நல்ல சாஃப்ட்வேர் சிந்தசைசர்கள் இதைத் தாமாகவே கொஞ்சம் மழுப்பிவிடும் என்பதால், டிக் கேட்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம்.

அந்த டிக் எப்போதும் குற்றம் என்றும் நினைக்காதீர்கள். ஹாமண்ட் ஆர்கனில் கீ தொடர்புகள் மோதும்போது வரும் அந்தச் சத்தத்தைக் குறையாகத்தான் முதலில் பார்த்தார்கள். பிறகு ஜாஸ், ராக் வாசிப்பாளர்களுக்கு அதுவே பிடித்துப்போனது. தாளத்தோடு ஒட்டி வாசிக்கும் பேஸில் (கீழ்ஸ்தாயி வரியில்) ஒரு சின்ன டிக் இருந்தால் ஒலி கூட்டத்துக்கு நடுவிலும் எழுந்து கேட்கும்.

எந்த வரிசையில் திருப்புவது

பெரும்பாலான பாடங்கள் அட்டாக்கில் தொடங்கி இடமிருந்து வலமாகப் போகச் சொல்லும். நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் சஸ்டெயினை முடிவு செய்யுங்கள் என்பேன். காரணம் எளிது: அது ஒரு கேள்விக்கான பதில். இந்த ஒலிக்கு யாராவது தொடர்ந்து சக்தி கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களா, இல்லையா?

நாதஸ்வரத்தில் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. வயலினில் வில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆர்மோனியத்தில் துருத்தி. இவற்றுக்கு சஸ்டெயின் உண்டு. வீணையில் ஒருமுறை மீட்டியதோடு சரி. அதன்பின் கம்பி தன்னிடம் இருக்கும் சக்தியைச் செலவழித்துக்கொண்டே போகிறது. மிருதங்கமும் பியானோவும் அப்படித்தான். பியானோவில் பெடலை மிதித்துப் பிடித்தாலும் ஒலி ஒரே மட்டத்தில் நிற்காது, இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இவற்றுக்கு சஸ்டெயின் பூஜ்யம், டிகே மட்டும் நீளம். இந்த ஒரு முடிவு சரியாக விழுந்துவிட்டால் மற்ற மூன்று குமிழ்களுக்கும் வேலை பாதியாகிவிடும்.

மீட்டும் ஒலி

சஸ்டெயினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அட்டாக் ஒன்று அல்லது இரண்டு மில்லி விநாடி. டிகே 400 மில்லி விநாடி. நடு ஸ்தாயியில் ஒரு நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். ஒலி தானாக அடங்கும். இப்போது டிகேயை 100-க்கு இறக்குங்கள்: கம்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு மீட்டுவது போன்ற கட்டையான ஒலி. இரண்டு விநாடிக்கு ஏற்றுங்கள்: திறந்த கம்பி.

அடுத்து ரிலீஸ். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒலி டிகேயில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே விரலை எடுத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து ரிலீஸ் பொறுப்பேற்றுக்கொள்ளும். ரிலீஸ் மிகச் சின்னதாக இருந்தால் கம்பியின் மேல் கை வைத்தது போல ஒலி நின்றுவிடும். ரிலீஸும் டிகேயும் ஏறத்தாழ ஒரே நேரமாக இருந்தால் விரலை எப்போது எடுத்தாலும் ஒலி அதன் போக்கில் அடங்கும். எது வேண்டும் என்பது பாட்டைப் பொறுத்தது. வேகமான ஸ்வரக் கோவைக்கு முதலாவது; ஸ்வரக் கூட்டத்தை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஆர்பெஜியோ மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படர வேண்டுமானால் இரண்டாவது. தாள ஒலிகளுக்கு எப்போதும் இரண்டாவதுதான், ஏனென்றால் அங்கே நோட்டின் நீளம் ஒலியைப் பாதிக்கக் கூடாது.

இன்னும் இயல்பாக வேண்டுமா? நிஜக் கம்பிக் கருவிகளில் மேல்ஸ்தாயி ஒலிகள் சீக்கிரம் அடங்கும், கீழ்ஸ்தாயி நின்று ஒலிக்கும். வைட்டலில் நோட் என்ற மாடுலேஷன் மூலத்தை (எந்தக் கீ அழுத்தப்பட்டது என்பதற்கேற்ப மற்றக் குமிழ்களை நகர்த்துவது) பிடித்து என்வலப் 1-இன் டிகே மேல் போட்டு, அளவை எதிர்த்திசையில் கொஞ்சம் வையுங்கள். மேலே போகப் போக டிகே குறையும். இந்த ஒரு சின்ன வேலை ஒலிக்கு எவ்வளவு உயிர் தருகிறது என்பதை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு விட மனம் வராது.

பேட்

பேட் என்றால் பின்னணியில் விரிந்து நிற்கும் கார்டு ஒலி. பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு. சஸ்டெயின் உயரத்தில், அட்டாக் 600 மில்லி விநாடிக்கு மேல், ரிலீஸ் ஒரு விநாடிக்கு மேல். செய்வது எளிது, பாட்டில் பொருத்துவதுதான் கடினம்.

அட்டாக் நீளமாக இருந்தால் கார்டு தாளத்துக்குப் பின்தங்கியே வருவது போலக் கேட்கும். இதற்கு இரண்டு வழி: அட்டாக்கைக் குறையுங்கள், இல்லையென்றால் கார்டைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்துங்கள். ரிலீஸ் நீளமாக இருந்தால் பழைய கார்டின் வால் புதிய கார்டின் மேல் விழும். இரண்டு கார்டுக்கும் பொதுவான நோட்டுகள் அதிகம் இருந்தால் அது அழகு, இல்லையென்றால் சேறு.

இங்கே சின்னக் கணக்கு ஒன்று உதவும். 60000-ஐ டெம்போவால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்ணால், வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லி விநாடி என்று கிடைக்கும். டெம்போ 100 என்றால் 600. கார்டு ஒவ்வொரு நான்கு பீட்டுக்கும் மாறுகிறது என்றால், ரிலீஸை ஒரு பீட்டுக்குள், அதாவது 600 மில்லி விநாடிக்குள் முடிப்பதிலிருந்து தொடங்கலாம். பிறகு காது சொல்வதைக் கேட்டு நீட்டுங்கள். மீட்டும் ஒலியின் டிகேக்கும் இதே கணக்கை வைக்கலாம். டெம்போ 120-ல் ஒரு பீட் 500, அதில் பாதி 250, கால் 125. இந்த எண்களில் ஒன்றுக்கு அருகே டிகேயை வைத்தால் ஒலி தாளத்தோடு சேர்ந்து மூச்சுவிடும்.

நீண்ட ரிலீஸுக்கு இன்னொரு செலவும் உண்டு. விரலை எடுத்த நோட்டும் அடங்கும்வரை ஒரு வாய்ஸை, அதாவது ஒரு நோட்டை ஒலிக்கவைக்கும் இடத்தை, பிடித்துக்கொண்டே இருக்கும். 1984-ல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரில் மொத்தம் ஆறு வாய்ஸ்கள்தான். நான்கு நோட் கார்டை விட்டுவிட்டு உடனே இன்னொரு நான்கு நோட் கார்டை அழுத்தினால், பழையதில் சிலவற்றின் வால் அறுபடும். மென்பொருளிலும் வாய்ஸ் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. பேட் திடீரென்று மெலிந்து போவதாகத் தோன்றினால் அதைப் பாருங்கள்.

கோடு எப்படி வளைகிறது

ஒரே 500 மில்லி விநாடி டிகே, இரண்டு சிந்தசைசர்களில் வேறு வேறாகக் கேட்கும். கோட்டின் வளைவுதான் காரணம். பழைய அனலாக் கருவிகளில் என்வலப் என்பது ஒரு மின்தேக்கி நிரம்புவதும் காலியாவதும். மின்தேக்கி முதலில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் காலியாகும். நம் காதும் சத்தத்தை விகித அளவில்தான் உணர்கிறது. அதனால் அப்படி வளைந்து இறங்கும் ஒலி, காதுக்குச் சீராக இறங்குவதாகக் கேட்கிறது. நேர்க்கோட்டில் இறக்கினால், ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று காணாமல் போவது போல இருக்கும்.

வைட்டலில் கோட்டின் நடுவே இருக்கும் சின்னப் புள்ளியை மேலும் கீழும் இழுத்தால் வளைவு மாறும். டிகே கோட்டை நேராக்கிக் கேளுங்கள், பிறகு நன்றாக உள்ளே வளைத்துக் கேளுங்கள். நேரம் மாறவில்லை, ஒலியின் குணம் மாறுகிறது. மீட்டும் ஒலி 'தட்டையாக' இருக்கிறது என்று தோன்றும்போது நான் முதலில் தொடுவது இந்த வளைவைத்தான்.

ஃபில்டருக்கு ஓர் என்வலப்

சத்தம் ஏறி இறங்குவது பாதிக் கதை. மிச்சப் பாதி, ஒலியின் பிரகாசம் ஏறி இறங்குவது. கம்பியை மீட்டும்போது முதலில் கூர்மையாகவும், போகப் போக மங்கலாகவும் கேட்கிறதல்லவா, அதற்கு, மேல்தொனிகளை வடிகட்டும் ஃபில்டரின் கட்ஆஃபை (வடிகட்டல் தொடங்கும் இடத்தை) என்வலப்பால் நகர்த்த வேண்டும்.

படி ஒன்று: ஃபில்டர் 1-ஐ இயக்குங்கள். கட்ஆஃபை, ஒலி மங்கி அடித்தொனி மட்டும் கேட்கும் அளவுக்கு இறக்குங்கள். இதுதான் தரைமட்டம். கட்ஆஃப் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் என்வலப்புக்கு ஏற இடமில்லை. எதுவும் நடக்காததுபோல இருக்கும்.

படி இரண்டு: என்வலப் 2-இன் கைப்பிடியை மவுஸால் பிடித்துக் கட்ஆஃப் மேல் போடுங்கள். ஒரு சின்ன வளையம் தோன்றும். அதை மேலே இழுத்தால் எவ்வளவு தூரம் கட்ஆஃப் ஏற வேண்டும் என்பதைச் சொல்கிறீர்கள். மற்ற சிந்தசைசர்களில் இதற்கு என்வலப் அமவுண்ட் என்று தனிக் குமிழ் இருக்கும்.

படி மூன்று: என்வலப் 1-ஐ இப்போதைக்கு வெறும் கதவாக வையுங்கள், சஸ்டெயின் முழுசு. என்வலப் 2-இல் அட்டாக் பூஜ்யம், டிகே 300, சஸ்டெயின் பூஜ்யம். வாசியுங்கள். சத்தம் நிற்கிறது, பிரகாசம் மட்டும் கீழே விழுகிறது. 'வவ்' என்று மூடும் அந்த ஒலிதான் எத்தனையோ பாட்டுகளின் சிந்த் பேஸ்.

ஃபில்டரின் ரெசொனன்ஸையும் (கட்ஆஃபுக்கு அருகே உள்ள தொனிகளைத் தூக்கிக் காட்டுவது) கொஞ்சம் கூட்டிவிட்டு டிகேயை மட்டும் திருப்பிக்கொண்டே ஒரு எளிய பேஸ் வரியை ஓட்டிப் பாருங்கள். 1981-ல் வந்த ரோலண்ட் டிபி-303 கிட்டத்தட்ட இதை மட்டுமே செய்த பெட்டி. அதில் அட்டாக் குமிழ் கிடையாது, சஸ்டெயின் கிடையாது; என்வலப்புக்கென்று டிகே ஒன்று, அது ஃபில்டரை எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. பேஸ் கிட்டாருக்கு மாற்றாக விற்க நினைத்தது எடுபடவில்லை. பிறகு சிகாகோ இளைஞர்கள் பழைய பெட்டிகளை மலிவு விலைக்கு வாங்கி, ஓடும்போதே குமிழ்களைத் திருப்பியதில் ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையே பிறந்தது. குமிழ்கள் குறைவாக இருந்ததும் அதற்கு உதவியது என்றே நினைக்கிறேன்.

இதே அமைப்பில் என்வலப் 2-இன் அட்டாக்கை 60, 80 மில்லி விநாடிக்குக் கொண்டுபோய், சஸ்டெயினைப் பாதிக்கு ஏற்றுங்கள். பித்தளைக் கருவியின் சாயல் வந்துவிடும். 1960-களில் பெல் ஆய்வகத்தில் ஜான்-குளோட் ரிஸ்ஸே ட்ரம்பெட் ஒலியைக் கணினியால் பகுத்துப் பார்த்தபோது, சத்தம் கூடக் கூட மேல்தொனிகளும் சேர்ந்து கூடுவதுதான் அந்தக் கருவியின் அடையாளம் என்று கண்டார். ஃபில்டர் மெல்லத் திறப்பது அதைத்தான் தோராயமாகச் செய்கிறது.

ஒரு கண்ணி இருக்கிறது. ஃபில்டரின் ரிலீஸை மூன்று விநாடி வைத்துவிட்டு, என்வலப் 1-இன் ரிலீஸ் 20 மில்லி விநாடியிலேயே நின்றால், ஃபில்டர் மூடுவதை யாரும் கேட்கப் போவதில்லை. ஒலியே போய்விட்டது. ஃபில்டரில் செய்யும் எந்த நுணுக்கமும் என்வலப் 1 திறந்திருக்கும்வரைதான் கேட்கும். "என்வலப் 2 எதுவும் செய்யவில்லையே" என்று குழம்பினால் இதையும், கட்ஆஃப் தரைமட்டத்தையும் பாருங்கள்.

ஒரு கிக் டிரம் செய்வோம்

சுருதியையும் என்வலப்பால் அசைக்கலாம். அதைக் காட்ட கிக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. தோல் கருவியை ஓங்கி அடித்தால் அடித்த கணத்தில் தோல் இறுகிச் சுருதி சற்று மேலே இருக்கும், உடனே கீழே விழும். சிந்தசைசர் கிக் அந்த வீழ்ச்சியைப் பல மடங்கு பெரிதாக்குகிறது.

மறுபடி இனிஷியலைஸ் செய்யுங்கள். ஆசிலேட்டரில் மேல்தொனி இல்லாத சைன் அலையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஃபேஸ் ரேண்டம் என்று ஓர் அளவு இருக்கும், அதைப் பூஜ்யமாக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வோர் அடியும் அலையின் வேறு வேறு இடத்தில் தொடங்கி, ஒன்று பலமாகவும் ஒன்று சோகையாகவும் விழும். 49 ஹெர்ட்ஸ் அருகே உள்ள கீழ் நோட் ஒன்றை வாசியுங்கள்.

என்வலப் 1: அட்டாக் பூஜ்யம், டிகே 350, சஸ்டெயின் பூஜ்யம், ரிலீஸும் 350. இப்போது கேட்பது மெத்தென்ற ஒரு 'பூம்'. கிக் இல்லை.

என்வலப் 2-ஐ ஆசிலேட்டரின் சுருதி எண் மேல் போட்டு, அளவை மூன்று ஆக்டேவுக்கு வையுங்கள், அதாவது 36 செமிடோன் (அரை ஸ்வரம்). 49 ஹெர்ட்ஸ் ஒலி எட்டு மடங்காக, 392-ல் தொடங்கிக் கீழே விழும். என்வலப் 2-இல் அட்டாக் பூஜ்யம், டிகே 60 மில்லி விநாடி, சஸ்டெயின் பூஜ்யம், வளைவு நன்றாக உள்ளே. வாசியுங்கள். கிக்!

இனி டிகேயை மெல்ல நகர்த்துங்கள். 200-க்குப் போனால் விண்வெளிச் சண்டைப் படத்தின் 'பியூவ்'. 20-க்கு இறங்கினால் சுருதி விழுவதே தெரியாது, ஒரு தட்டுச் சத்தம் மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில்தான் கிக் இருக்கிறது. எண்ணால் பார்த்தால் மிகக் குறுகிய இடம். அந்த இடத்தைக் காதால் தேடிப் பிடிப்பதே இந்தப் பயிற்சியின் பலன். பிறகு என்வலப் 1-இன் டிகேயையும் ரிலீஸையும் ஒரு விநாடிக்கு மேல் நீட்டினால், 1980-ல் வந்த தாள இயந்திரமான ரோலண்ட் டிஆர்-808-இன் நீண்ட கிக் போல ஒன்று கிடைக்கும். அந்தக் கருவியிலும் கிக்குக்கு டிகே என்று ஒரு குமிழ் இருந்தது; ஹிப்-ஹாப் கலைஞர்கள் அதை நீட்டி நீட்டித்தான் கிக்கையே பேஸாக மாற்றினார்கள்.

வாசிக்கும்போது வரும் சிக்கல்கள்

வைட்டலின் வாய்ஸ் எண்ணிக்கையை ஒன்றாக்கி, ஒரு கீயை விடாமலே அடுத்ததை அழுத்துங்கள். லெகாட்டோ இயங்கியிருந்தால் என்வலப் மறுபடி தொடங்காது. சுருதி மட்டும் மாறும். லெகாட்டோ இல்லையென்றால் ஒவ்வொரு நோட்டுக்கும் புதிதாகத் தொடங்கும். புல்லாங்குழல் மாதிரி ஒரே மூச்சில் பல ஸ்வரம் போக வேண்டுமானால் முதலாவது. சஸ்டெயின் பூஜ்யமான ஒலிக்கு லெகாட்டோ வைத்தால், இரண்டாவது நோட்டிலிருந்து சத்தமே வராமல் போகலாம். என்வலப் ஏற்கெனவே இறங்கி முடித்துவிட்டது என்பதுதான் காரணம், கருவி பழுதில்லை.

வெலாசிட்டியை, அதாவது கீயை எவ்வளவு பலமாக அடிக்கிறீர்கள் என்பதை, பெரும்பாலோர் சத்தத்துக்கு மட்டும் இணைப்பார்கள். அதை ஃபில்டர் என்வலப்பின் அளவுக்கும் இணையுங்கள். மெல்ல வாசித்தால் மங்கல், ஓங்கி வாசித்தால் பிரகாசம். நிஜக் கருவிகள் அப்படித்தான் பதில் சொல்கின்றன.

வேறு கருவிகளுக்குப் போகும்போது

இங்கே பழகியது எங்கும் செல்லும், சில இடங்களில் பெயரும் திசையும் மாறும். 1970-ல் வந்த மினிமூக்கில் என்வலப்பின் பெயர் காண்டூர். ரிலீஸுக்குத் தனிக் குமிழே இல்லை. கீபோர்டுக்கு இடப்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் டிகேயின் நேரமே ரிலீஸுக்கும் பொருந்தும். ஜூனோ-106-ல் ஒரே ஓர் என்வலப். சத்தத்துக்கும் ஃபில்டருக்கும் அதுதான். சத்தத்தை மட்டும் வெறும் கதவாக வைத்துக்கொள்ள ஒரு சுவிட்ச் தந்திருக்கிறார்கள். இந்த ஒரு என்வலப்பை வைத்துக்கொண்டு எத்தனை நல்ல ஒலிகள் வந்தன என்று பார்த்தால், ஆறு என்வலப் இருக்கும் வைட்டலில் முதல் இரண்டைத் தாண்ட அவசரப்பட வேண்டாம் என்பது புரியும்.

யமஹா டிஎக்ஸ்7 தனி ரகம். 1983-ல் வந்தது. அதன் ஒலியைச் சேர்ந்து உருவாக்கும் ஆபரேட்டர்கள் என்ற ஆறு அலைமூலங்களுக்கும் ஆளுக்கோர் என்வலப், ஒவ்வொன்றிலும் நான்கு வேகம், நான்கு உயரம். அங்கே இருப்பது நேரம் இல்லை, வேகம். 0 முதல் 99 வரை. எண் கூடினால் ஒலி சீக்கிரம் நகரும். அட்டாக்கை நீட்ட நினைத்து எண்ணைக் கூட்டினால் எதிர்மாறாக நடக்கும். அதன் மென்பொருள் வடிவங்களிலும் இதே முறைதான், எனவே முதல்முறை திறக்கும்போது எண்ணைக் கூட்டாமல் குறைத்துப் பாருங்கள்.